ஒரு கூடைக் கோழியும் ஒரு சொட்டு மருந்தும்

பொழுது சாய்ந்ததும் கோழிகளை எண்ணிக் கொடாப்பில் அடைப்பது என் வேலை. மல்லசமுத்திரத்திலிருந்து காளிப்பட்டிக்குப் போகும் வழியில், தார்ச்சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் காடு. இரண்டு ஏக்கரில் பருத்தி, கடலை, சோளம் என்று மாற்றி மாற்றிப் போடுகிறோம். வாசலில் ஒரு வேப்பமரம், அதன் நிழலில் நாற்பது சொச்சம் நாட்டுக்கோழிகள். பாதிக்கு மேல் சிறுவிடை வகை. எண்ணும்போது எண்ணிக்கையைவிடக் கோழியின் நடையைத்தான் கவனிப்பேன். ஓடி வந்து நுழைகிறதா, கொடாப்பு முன்னால் நின்று கண்ணை மூடுகிறதா, சிறகு தொங்குகிறதா, வால்புறத்து இறகில் பச்சையும் வெள்ளையுமாக எச்சம் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் உள்ளே விடுவேன். 1994ஆம் ஆண்டின் தை மாதம் கற்றுக்கொடுத்த பழக்கம் இது.

அப்போது எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம். காளிப்பட்டிக் கந்தசாமி கோயில் தைப்பூசத் திருவிழா முடிந்த வாரம். வீட்டில் 34 கோழிகள் இருந்தன. ஒரு நாள் சாயங்காலம் வெடக்கோழி ஒன்று மட்டும் கொடாப்புக்கு வராமல் சுவரோரம் சொணங்கி நின்றது. கையில் எடுத்தால் துள்ளவில்லை. என் மாமியார் வந்து அதன் வாயைப் பிரித்துப் பார்த்தார். கோழை வடிந்தது. "சீக்கு எறங்கிருச்சு அம்மிணி. சாவறதுக்குள்ள வித்துப்போடோணும்" என்றார்.

ஊரில் எல்லோரும் செய்வதுதான். மறுநாள் விடியலில், இன்னும் தெளிவாக இருந்த ஆறு கோழிகளைக் காலைக் கட்டிக் கூடையில் வைத்துச் சந்தைக்குக் கொண்டுபோனேன். ஒன்று அறுபது ரூபாய்க்குப் போனது. அதே வாரம் வையப்பமலைப் பக்கம் இருக்கும் என் அண்ணன் வீட்டிலிருந்து ஆள் வந்தார். அடை வைக்க நல்ல பெட்டை ஒன்று வேண்டும் என்று அண்ணி சொல்லியனுப்பியிருந்தார். நன்றாக மேய்ந்துகொண்டிருந்த பெட்டையாகப் பார்த்துப் பிடித்துக் கொடுத்தேன்.

மீதி இருந்த 27 கோழிகளில் 25 ஒன்பது நாளில் செத்தன. சில வாயைப் பிளந்து மூச்சுக்குத் தவித்துச் செத்தன. சில தலையைத் திருகிக்கொண்டு சுற்றிச் சுற்றி விழுந்தன. காலையில் கொடாப்பைத் திறக்கவே கை வராது. தப்பிய இரண்டில் ஒன்றுக்குக் கழுத்து கோணியது கோணியதுதான். தரையில் கிடக்கும் சோளத்தைக் கொத்தினால் அலகு பக்கத்தில் போய்க் குத்தும். அடுத்த பத்து நாளில் அண்ணி வீட்டுக் கோழிகள் பதினெட்டும் போயின. நான் பார்க்கப் போனபோது அண்ணி சண்டை போடவில்லை. "உன்ற கோழி வந்தப்பறந்தான் அம்மிணி எல்லாம் ஆரம்பிச்சுது" என்று மட்டும் சொன்னார். நல்ல கோழியைத்தானே கொடுத்தேன் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

விளங்க ஒன்பது வருடம் ஆனது. 2003இல் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் இருக்கும் வேளாண் அறிவியல் நிலையத்தில் நாட்டுக்கோழி வளர்ப்புப் பயிற்சிக்குப் போனேன். வெள்ளைக்கழிச்சல் பற்றிப் பேசிய மருத்துவர் கரும்பலகையில் ஒரு கோடு போட்டார். கிருமி உடம்புக்குள் போகும் நாள் ஒரு முனை, சீக்கு வெளியே தெரியும் நாள் மறுமுனை. நடுவில் இரண்டு நாள் முதல் பதினைந்து நாள் வரை, பெரும்பாலும் ஐந்தாறு நாள். அந்த இடைவெளியில் கோழி மேயும், கொக்கரிக்கும், முட்டைகூட இடும். சீக்கின் குறி தெரிவதற்கு முன்பே அதன் மூச்சிலும் எச்சத்திலும் கிருமி வெளியேறத் தொடங்கிவிடும். நான் பெஞ்சில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணினேன். அண்ணி வீட்டுக்குப் போன பெட்டை, கூடையில் போன ஆறு. அந்த ஆறும் எந்தெந்த ஊர்க் கொடாப்புக்குப் போயினவோ.

பெயருக்குள் இருக்கும் ஊர்கள்

நம் ஊரில் கழிச்சல், வெள்ளைக்கழிச்சல், கோழிச்சீக்கு என்று சொல்வதை மருந்துக் குப்பியில் ராணிகேட் நோய் என்று அச்சிட்டிருப்பார்கள். ராணிகேட் என்பது இமயமலை அடுக்கில், இன்றைய உத்தராகண்ட் மாநிலத்தின் குமாவுன் பகுதியில் இருக்கும் ஊர். 1920களின் கடைசியில் இந்தியாவில் இந்த நோய் அங்கே அடையாளம் காணப்பட்டதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அதற்குச் சற்று முன், 1926இல், ஜாவாத் தீவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் துறைமுக நகரத்திலும் கோழிகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. நியூகாசிலில் ஆராய்ந்த டாயில் என்ற விஞ்ஞானி தற்காலிகமாக வைத்த ஊர்ப்பெயரே நிலைத்து, உலகம் முழுக்க இதை நியூகாசில் நோய் என்கிறது.

ராணிகேட் இருக்கும் அதே குமாவுன் மலையில்தான் முக்தேஸ்வரும் இருக்கிறது. அங்கிருந்த கால்நடை ஆராய்ச்சி நிலையத்தில், நோய்க் கிருமியைக் கோழிமுட்டைக் கருவில் திரும்பத் திரும்ப வளர்த்து வீரியம் குறைத்து, 1940களில் தடுப்பூசி உருவாக்கினார்கள். இன்றும் பெரிய கோழிகளுக்கு இறக்கையில் போடும் ஊசி அந்த வழி வந்ததுதான். குஞ்சுகளுக்குக் கண்ணில் விடும் சொட்டு மருந்தின் பெயர் லசோட்டா. நாமக்கல்லில் அந்தச் சொல்லைத் தெரியாத பண்ணை வேலையாள் கிடையாது. அது அமெரிக்காவின் நியூஜெர்சியில் இருந்த ஒரு பண்ணைக்காரரின் பெயர். 1946இல் அவருடைய கோழிகளிலிருந்து பிரித்தெடுத்த, நோய் உண்டாக்கும் வலு மிகக் குறைந்த கிருமிதான் இன்று உலகம் முழுக்கக் குஞ்சுகளின் கண்ணில் விழுகிறது.

நம் மாநிலத்தில் அரசுக்காக இந்த மருந்துகளைத் தயாரிக்கும் நிறுவனம் ராணிப்பேட்டையில் இருக்கிறது. மாட்டு வெக்கை நோய்க்கு எதிரான மருந்து தயாரிக்க 1932இல் தொடங்கிய இடம் அது. நோய்க்குப் பெயர் ராணிகேட், மருந்து வருவது ராணிப்பேட்டை. பயிற்சியில் இதைக் கேட்டபோது, இரண்டு பெயரையும் நான் மறக்கவே மாட்டேன் என்று தோன்றியது.

என்ன செய்கிறது இந்தக் கிருமி

வைரஸ் தானாகப் பெருகாது. உயிருள்ள ஒரு செல்லுக்குள் புகுந்து அதையே தன்னைப் படியெடுக்கும் பட்டறையாக மாற்றிக்கொள்ளும். ராணிகேட் வைரஸ் கோழியின் மூச்சுக்குழாயிலும் குடலிலும் நரம்பிலும் இந்த வேலையைச் செய்கிறது. மூச்சுக்குழாயில் பெருகினால் கொரகொரப்பும் வாய் பிளத்தலும். குடலில் பெருகினால் பச்சை கலந்த வெள்ளைக் கழிச்சல். நரம்புக்குப் போனால் கழுத்துத் திருகல், கால் விழுதல், இறக்கை தொங்கல். வீரியமான வகை வந்தால், தடுப்பூசி போடாத மந்தையில் நூற்றுக்குத் தொண்ணூறும் சாகலாம், நூறும் சாகலாம். தப்பிய கோழியும் கொஞ்ச காலம் கிருமியை வெளியே விட்டுக்கொண்டுதான் இருக்கும்.

இதற்குக் குணப்படுத்தும் மருந்து கிடையாது. மனிதர் மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கலக்கும் வழக்கம் எங்கள் ஊரில் இன்னும் இருக்கிறது. அந்த மாத்திரைகள் பாக்டீரியாவைக் கொல்பவை. வைரஸை அவை தொடாது. நலிந்த கோழிக்குப் பின்னால் வரும் வேறு தொற்றுக்காக மருத்துவர் சில சமயம் எழுதித் தருவார், அவ்வளவுதான். சின்ன வெங்காயம், சீரகம், மஞ்சள், கீழாநெல்லி அரைத்து உருட்டிக் கொடுப்பது என் அம்மாயி காலத்து வழக்கம். நானும் கொடுத்திருக்கிறேன். இரை எடுக்காத கோழிக்கு அது வயிற்றில் ஏதாவது போகும் வழி. தடுப்பூசிக்கு மாற்றாக அதை எண்ணி இருந்த வீடுகளில் கொடாப்பு காலியானதைப் பார்த்துவிட்டேன்.

மனிதருக்கு இதனால் பெரிய ஆபத்தில்லை. சீக்குக் கோழியையோ மருந்தையோ தொட்ட கையால் கண்ணைக் கசக்கினால் சில நாள் கண் சிவந்து நீர் வடியும். அதனால் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் முகத்தைத் தொடக் கூடாது.

சீக்கு நடந்து வரும் வழி

"காத்துல வந்துருச்சுங்க" என்பார்கள் பலர். பக்கத்துப் பக்கத்தில் அடைந்து கிடக்கும் கோழிகளுக்கு மூச்சு வழியே பரவும் என்பது உண்மை. ஆனால் ஊர் விட்டு ஊர் போவதற்குச் சீக்குக்கு நாம்தான் கால். கூடை, சந்தை, விருந்துக்குக் கொடுத்தனுப்பும் கோழி, அடைக்குக் கேட்டு வாங்கும் முட்டை, வியாபாரி கோணிப்பையோடு வீடு வீடாக வரும் வண்டி, எச்சத்தை மிதித்த செருப்பு, இவைதான் அதன் பாதை. மாசி, பங்குனியில் எங்கள் பக்கம் மாரியம்மன் பண்டிகைகள் வரிசையாக வரும். முனியப்பனுக்கு நேர்ந்த கோழிகள் ஊர் ஊராகப் போகும். பனி விலகி வெயில் ஏறும் அதே நாட்களில்தான் சீக்கும் ஏறுகிறது.

இன்னொரு பாதையை நாம் பேசுவதே இல்லை. சொணங்கிய கோழியைச் சாவதற்குள் அறுத்துச் சமைப்பது. கொதிக்கும் குழம்பில் வைரஸ் செத்துவிடும். சாப்பிட்டவருக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் பிடுங்கிய இறகு, குடல், அலசிய தண்ணீர் எல்லாம் குப்பைமேட்டுக்குப் போகிறது. பக்கத்து வீட்டுக் கோழி அங்கே வந்து கிளறுகிறது, காக்கை தூக்கிப் போகிறது, நாய் இழுத்துப் போகிறது. செத்த கோழியை ஏரிக்கரையில் எறிந்துவிட்டு வருவதும் அப்படியே. நிழலிலும் ஈரத்திலும் கிடக்கும் எச்சத்தில் இந்தக் கிருமி நாள் கணக்கில் உயிரோடு இருக்கும். குளிர்காலத்தில் வாரக் கணக்கில். நல்ல வெயில் பட்டால் சீக்கிரம் மடியும். அதனால்தான் கொடாப்பை வாரம் ஒருமுறை கவிழ்த்து வெயிலில் காய வைக்கிறேன்.

கோழி அவரவர் சொத்து. சீக்கு மட்டும் ஊர்ப் பொது. இதைத்தான் நான் இருபது வருடமாக எங்கள் தெருவில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நூறு கோழிக்கு ஒரு குப்பி

2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி கோழி எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்கு. பன்னிரண்டு கோடிக்கு மேல். அதற்குப் பெரிய காரணம் எங்கள் நாமக்கல் மாவட்டத்து முட்டைப் பண்ணைகள். அங்கே ஒரு கொட்டகையில் ஆயிரக்கணக்கில் கோழி. முதல் வாரத்திலிருந்து அட்டவணை போட்டு மருந்து. அதே மாவட்டத்தில், அந்தப் பண்ணைக்கு ஒரு மைல் தள்ளி, பத்துக் கோழி வைத்திருக்கும் வீட்டில் ஒன்றுக்குக்கூட மருந்து போட்டிருக்க மாட்டார்கள். அறியாமை மட்டும் இதற்குக் காரணமில்லை. குப்பியின் அளவும் காரணம்.

தடுப்பு மருந்து உறைய வைத்து உலர்த்திய சின்ன வில்லையாகக் குப்பிக்குள் இருக்கும். சிறிய குப்பியே நூறு கோழிக்கானது. குளிர்ந்த உப்புநீரில் கரைத்துவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். மிச்சம் வைத்து நாளைக்குப் போட முடியாது. உள்ளே இருப்பது உயிருள்ள கிருமி. தயாரித்த இடத்திலிருந்து கோழியின் உடம்பு வரை இரண்டு முதல் எட்டு டிகிரிக் குளிர்ச்சியில் இருந்தால்தான் அது உயிரோடு இருக்கும். வெயிலில் பையில் தொங்கவிட்டுக் கொண்டுவந்தால் கோழிக்குப் போவது வெறும் தண்ணீர். பத்துக் கோழி வைத்திருக்கும் ஒருத்தி இதையெல்லாம் தனியாக எப்படிச் செய்வாள்? பத்து வீடு சேர்ந்தால் நூறு கோழி. அதனால் எங்கள் தெருவில் 2004இலிருந்து ஒன்றாகச் சேர்ந்து செய்கிறோம்.

நாள் குறித்த பிறகு ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை பெரிது, எத்தனை குஞ்சு என்று நோட்டில் எழுதிக்கொள்வேன். ஒரு வாரம் பத்து நாள் முன்னால் குடற்புழு மருந்து கொடுத்துவிடுவோம். வயிற்றில் புழு இருக்கும் கோழிக்குத் தடுப்பூசியின் பலன் சரியாகக் கிடைக்காது. குறித்த நாளில் கால்நடை மருந்தகத்திலிருந்து தெர்மாகோல் பெட்டியில் ஐஸ்கட்டிக்கு நடுவே குப்பிகள் வரும். விடியற்காலை ஐந்தரை மணி, எந்தக் கொடாப்பும் திறந்திருக்கக் கூடாது. திறந்துவிட்ட நாட்டுக்கோழியைப் பிடிப்பவர் எங்கள் ஊரில் இன்னும் பிறக்கவில்லை.

பிறந்து ஏழு நாளான குஞ்சுக்குக் கண்ணிலோ மூக்கிலோ லசோட்டா ஒரு சொட்டு. சொட்டு விழுந்ததும் குஞ்சு கண்ணை மூடித் திறக்க வேண்டும். மருந்து உள்ளே போனதற்கு அதுதான் அடையாளம். நான்காவது வாரம் இன்னொரு சொட்டு. தாய்க்கோழி மருந்து போட்டதாக இருந்தால் அதன் எதிர்ப்புச் சக்தி முட்டை வழியே குஞ்சுக்கும் கொஞ்சம் வந்திருக்கும்; சில வாரத்தில் அது தேய்ந்துபோகும், அப்போது இரண்டாம் சொட்டு தாங்கிப் பிடிக்கும். எட்டாவது வாரம் இறக்கைக்கு அடியில், தோலுக்குக் கீழே அரை மில்லி ஊசி. இது வலுவான மருந்து. எட்டு வாரத்துக்கு உட்பட்ட குஞ்சுக்குப் போட்டால் அந்த மருந்தே காலை விழச்செய்துவிடும். ஒரு வருடம் யாரோ அவசரப்பட்டு ஐந்து வாரக் குஞ்சுகளைப் பெரிய கோழி வரிசையில் நிறுத்திவிட்டார்கள், பார்க்காமல் ஊசி போட்டது நான். ஏழு குஞ்சுகள் போயின. அன்றிலிருந்து குஞ்சு வேறு கூடை, பெரிது வேறு கூடை. பெரிய கோழிகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடியும் ஊசி.

கால்நடைப் பராமரிப்புத் துறை ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரியில் இரண்டு வாரம் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. ஊசிக்குக் காசு இல்லை. வேப்பமரத்தில் ஏறி அடையும் கோழிகளைப் பிடிக்க முடியாத வீடுகளுக்காக, டி58 என்ற வகைக் கிருமியைக் கொண்டு தீவனத்தோடு கொடுக்கும் குருணை மருந்தைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கியிருக்கிறது. ஆஸ்திரேலியாவில் உருவான ஐ-2 என்ற, வெப்பம் தாங்கும் சொட்டு மருந்தை மொசாம்பிக், தான்சானியா நாடுகளின் கிராமங்களில் அந்தந்த ஊர்ப் பெண்களே பக்கத்து வீட்டுக் கோழிகளுக்குப் போடுகிறார்கள். பயிற்சியில் அந்தப் பெண்களைப் பற்றிச் சொன்னார்கள். கூடையும் கோழியும் விடியற்காலையும் அவர்களுக்கும் இருந்தன. எங்களைப் போலவே.

கொண்டையில் வரும் அம்மை

அடுத்த தொல்லை அம்மை. இதுவும் வைரஸ்தான், ஆனால் வேறு குடும்பம். கொண்டை, தாடி, கண்ணோரம், அலகோரம் கடுகளவில் தொடங்கிப் பொருக்குப் பொருக்காகக் கட்டும். முக்கியமாகக் கொசு சுமந்து வருகிறது. மழை முடிந்து தண்ணீர் தேங்கும் ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் பக்கம் அதிகம். மனிதருக்கு வரும் அம்மைக்கும் இதற்கும் தொடர்பில்லை. கோழியிடமிருந்து குழந்தைக்கு ஒட்டாது.

வெளியே மட்டும் பொருக்கு கட்டினால் பெரிய கோழி மூன்று நான்கு வாரத்தில் தேறிவிடும். வாய்க்குள்ளும் தொண்டையிலும் மஞ்சளாகப் படர்ந்தால் மூச்சடைத்துச் சாகும். குஞ்சுகள் பல சமயம் அம்மையால் சாவதைவிடப் பசியால்தான் சாகின்றன. கண் ஒட்டிக்கொள்வதால் இரை தெரியாது. அப்படிப்பட்ட குஞ்சைத் தனியே வைத்து, வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கண்ணைத் துடைத்து, ஊறவைத்த கம்பையோ கேழ்வரகுக் கூழையோ கையால் ஊட்டினால் பாதிக்கு மேல் பிழைக்கும். மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவலாம், புண்ணில் ஈ உட்காராது. பொருக்கைப் பிய்த்து எறியக் கூடாது. அதற்குள் இருக்கும் கிருமி மண்ணில் மாதக் கணக்கில் கிடக்கும். ஆறேழு வாரத்தில் இறக்கைச் சவ்வில் குத்தும் அம்மைத் தடுப்பூசி இருக்கிறது. கொசுக் காலத்துக்கு முன்பே போட்டுவிட வேண்டும்.

ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக நீட்டிக்கொண்டு படுக்கும் மேரக்ஸ், குஞ்சுகளின் எதிர்ப்புச் சக்தியையே குலைக்கும் கம்போரோ என்று வேறு வைரஸ் நோய்களும் உண்டு. அவை பண்ணைகளில்தான் அதிகம். குஞ்சை வெளியே வாங்கினால், பொரித்த அன்றே மேரக்ஸ் ஊசி போட்டார்களா என்று கேட்டு வாங்குங்கள்.

பறவைக் காய்ச்சலா?

2006 பிப்ரவரியில் மகாராஷ்டிர மாநிலத்தின் நவாபூரில் இந்தியாவின் முதல் பறவைக் காய்ச்சல் உறுதியானது. அத்தனை தூரத்தில் வந்த சீக்குக்கு நாமக்கல்லில் முட்டை விலையும் கோழி விலையும் சரிந்தன. கேரளத்தின் ஆலப்புழையில் வாத்துகளுக்கு 2014இலும் 2021இலும் வந்தபோது எல்லைச் சோதனைச்சாவடிகளில் வண்டிச் சக்கரத்துக்கு மருந்தடித்தார்கள். அதிலிருந்து எங்கள் தெருவில் ஒரு கோழி தூங்கினாலும் யாராவது அந்தப் பெயரைச் சொல்லிவிடுகிறார்கள்.

பயப்பட வேண்டிய நோய்தான். 1997இல் ஹாங்காங்கில் எச்5என்1 வைரஸ் முதன்முதலாக மனிதருக்கும் தொற்றியது. 18 பேருக்கு வந்து 6 பேர் இறந்தார்கள். கொண்டையும் தாடியும் நீலம் பாரித்தல், தலை வீக்கம், குறி எதுவும் காட்டாமல் ஒரே இரவில் கூட்டமாகச் சாதல், கோழியோடு வாத்தும் காக்கையும் சாதல் என்றால் சந்தேகிக்க வேண்டும். ஆனால் கடுமையான ராணிகேட்டும் பார்வைக்கு இதைப் போலவே இருக்கும். கண்ணால் பிரிக்க முடியாது. மாதிரி எடுத்துச் சோதித்தால்தான் தெரியும். இந்தியாவில் அதை உறுதி செய்யும் ஆய்வகம் போபாலில் இருக்கிறது. அதனால் நாம் செய்யக்கூடியது ஒன்றுதான். தொடாமல், அறுக்காமல், விற்காமல் கால்நடை மருந்தகத்துக்கோ 1962 என்ற இலவச எண்ணுக்கோ சொல்வது. சொன்னால் கோழியைப் பிடித்துப்போய்விடுவார்கள் என்று மறைப்பவர்கள் இருக்கிறார்கள். நோய் உறுதியாகி அரசு அழிக்கும் கோழிகளுக்கு இழப்பீடு உண்டு. மறைத்தவருக்கு எதுவும் கிடைக்காது, ஊருக்கும் கேடு.

சொணங்கிய முதல் கோழி

முதல் கோழி சொணங்கிய நேரத்தில் நாம் செய்வதைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம். அதைத் தனியே, மற்றவை போகாத இடத்தில் கவிழ்த்து வையுங்கள். நல்ல கோழிகளுக்கு இரை வைத்த பிறகு கடைசியாக அதனிடம் போங்கள். போய்வந்த செருப்போடு வாசலில் நடக்காதீர்கள். அந்த வாரம் வீட்டிலிருந்து கோழியும் முட்டையும் வெளியே போகக் கூடாது, வெளியிலிருந்து உள்ளேயும் வரக் கூடாது. செத்ததை மூன்று நான்கு அடி ஆழத்தில் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். சீக்கு இறங்கிய மந்தையில் பதறிப்போய் ஊசி போட வேண்டாம். ஒரே ஊசி கோழிக்குக் கோழி கிருமியையும் கொண்டுபோகும். பக்கத்து வீடுகளில் இன்னும் தொற்றாத கோழிகளுக்குப் போடலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். எல்லாம் ஓய்ந்த பிறகு கொடாப்பைக் கழுவி, பிளீச்சிங் பவுடர் கரைசல் தெளித்து, வெயிலில் போட்டு, ஒரு மாதமாவது பொறுத்துப் புதுக் கோழி வாங்குங்கள். வாங்கியதை மூன்று வாரம் தனியே வைத்துப் பார்த்து, பிறகு மந்தையில் விடுங்கள். கரும்பலகையில் அந்த மருத்துவர் போட்ட கோட்டின் நீளம் பதினைந்து நாள். மூன்று வாரம் என்பது அதற்கு மேல் கிட்டத்தட்ட ஒரு வாரம்.

போன மாசியில் பின் தெருவிலிருந்து ஒரு அக்கா முந்தானைக்குள் மூன்று கோழிகளை மறைத்துக்கொண்டு என் வாசலுக்கு வந்தார். கணவர் இல்லாதவர், நூறு நாள் வேலைக்குப் போகிறவர். முகாமின்போது மகள் வீட்டுக்குப் போயிருந்ததால் அவருடைய ஒன்பது கோழிகளுக்கும் ஊசி விட்டுப்போயிருந்தது. "கண்ணு, இதுக்கு எதாச்சு மருந்திருந்தாக் குடு. இல்லீனா காலைல சந்தைக்குக் கொண்டுட்டுப் போயர்றேன். கேஸ் வாங்கோணும்" என்றார். மூன்றும் சிறகு தொங்கி நின்றன. ஒன்றின் வாயில் கோழை.

அவரிடம் நான் எதைச் சொல்வது? 1994இல் என் கூடையில் ஆறு இருந்தன. சந்தைக்குக் கொண்டுபோகிறவர் கெட்டவர் இல்லை. வீட்டுக்குள் கிடக்கும் ஒரே ரொக்கம் அந்தக் கோழிதான். அது கண் முன்னால் செத்துக்கொண்டிருக்கிறது. "சந்தைல என்ன வெல போகுங்க்கா?" என்று கேட்டேன். ஒன்று நானூறு என்றார். உள்ளே போய் ஆயிரத்து இருநூறு ரூபாய் எடுத்து வந்து கொடுத்தேன். அவருக்குப் புரியவில்லை. மூன்றையும் வாங்கிக்கொண்டு காட்டுக் கடைசியில், பருத்தி மார் குவித்த இடத்துக்கு அப்பால் குழி தோண்டினேன். என் மகன் சுண்ணாம்பு கொண்டுவந்து போட்டான். அந்த அக்கா வரப்பில் நின்று கடைசி வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் வீட்டில் மீதி இருந்த ஆறில் ஐந்து செத்தன. ஐந்தையும் அவரே குழி வெட்டிப் புதைத்தார். எங்கள் தெருவில் மூன்று வீடுகளில் ஊசி விட்டுப்போன சில குஞ்சுகளோடு சீக்கு நின்றுவிட்டது. இப்போது நாங்கள் பதினான்கு பேர் மாதம் இருபது ரூபாய் போட்டு ஒரு டப்பாவில் வைக்கிறோம். சீக்கு வந்த கோழியைச் சந்தைக்குக் கொண்டுபோகாமல் புதைப்பவருக்குப் பாதி விலையாவது கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. கணக்கு நோட்டு அந்த அக்காவிடம் இருக்கிறது.

முகாம் முடிந்த மறுநாள் தெர்மாகோல் பெட்டியோடு வையப்பமலைக்குப் பஸ் ஏறுவது என் வழக்கம். அண்ணிக்கு இப்போது எழுபதுக்கு மேல். இருபது வருடமாக நான் போகும் நாளுக்கு முதல் நாள் இரவே கொடாப்பை நன்றாகக் கட்டி வைத்துவிடுவார். விடியலில் அவர் ஒவ்வொரு கோழியாக இறக்கையை விரித்துப் பிடிப்பார், நான் ஊசி போடுவேன். பதினெட்டாவது கோழி வரும்போது இரண்டு பேரும் பேச மாட்டோம்.